வந்த வழியைக் காட்டும் கருவி

அன்பு மகனுக்கு அம்மா சொல்ல, தங்கச்சி எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி, அந்தப் பொட்டல்காட்டுப் புழுதிக்கு இருமல் ஏதும் வரவில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்றாள் அம்மா, கேட்டுவிட்டேன். இந்தக் கடிதம் பெட்டிக்குள் ஜிபிஎஸ் கருவியோடு வருகிறது. உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போகும் வண்டியில் கொடுத்தால் உன் கைக்கு வந்துவிடும் என்று கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். நேரில் எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது என்று உனக்குத் தெரியும், எழுதினால் வருகிறது, நீளமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரம் பழுதாகி நின்றுவிட்டது, எப்போது நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை. ஒருநாள் அம்மா சாப்பாட்டில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள், நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன், அவளும் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவும்போதுதான் உப்பு கூடிப்போச்சோ என்று கேட்டாள். நான் அதே தையல் கடைக்குத்தான் போகிறேன், இன்னும் பட்டன் தைக்கத்தான் விடுகிறார்கள். அப்பா ஓட்டிய தடத்தையே உனக்குக் கொடுத்திருக்கிறார்கள், நிலத்தில் துளை போடும் இடங்களுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், அடுத்த மாதம் தொடக்கம் என்று நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். முகாமில் எல்லோரும் போனைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள், தனிக் கருவி வைத்தால் சிரிப்பார்கள், வாங்கத்தான் வேண்டுமா, எதை வாங்குவது என்று நீ கேட்டிருந்ததையும் வாசித்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள், அடுக்கினாள். மறுநாள் காலையில், இன்னைக்கு லீவு சொல்லிடு, கடைக்குப் போறோம் என்றாள், அவ்வளவுதான்.

வண்டிச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய் ஓயாத மனுஷன். முதலில் தட்டு மாதிரி பெரிய திரை உள்ள ஒன்றைக் காட்டினார். அது பாட்டுப் பாடும், பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டும், திரும்புகிற இடத்தில் பெண் குரலில் பேசும். என் சம்சாரத்துக்கு அப்புறம் எனக்கு இவ்வளவு வழி சொல்றது இது ஒண்ணுதாங்க்கா என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ரோடே இல்லாத இடத்துல இது என்ன சொல்லும் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரோடு இருக்கிற இடத்துக்குப் போகச் சொல்லும்க்கா என்றார். அப்படின்னா போன் போதாதா என்று நான் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை, அம்மாவின் காதில் சொன்னேன், அம்மா கேட்டாள். சிக்னல் இல்லாவிட்டாலும் போனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியும், ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால் வெறும் திரையில் ஒரு புள்ளிதான் நிற்கும், சூட்டில் போன் அணைந்துவிட்டால் அந்தப் புள்ளியும் இல்லை என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கு அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அப்போதுதான் அம்மா கேட்டாள், இது வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லுமா என்று. எல்லாரும் போற வழிக்குத்தாங்க்கா வாங்குவாங்க, வர்ற வழியை யாரும் கேட்டதில்லையே என்றார் அவர். உனக்கு நினைவிருக்கும் அண்ணா, அப்பாவைத் தேடிப்போன மேஸ்திரி நம் வீட்டுக்கு வந்தபோது, மழை பாதையை அறுத்துக்கொண்டு போயிருந்தது, அப்பா வழியைத் தேடி முன்னால் முன்னால் போய் டீசல் தீர்ந்திருக்கிறது, போன தடத்திலேயே திரும்பியிருந்தால் முகாமுக்கு வந்திருப்பார், காற்று தடத்தை மூடிவிட்டது என்று சொன்னார். அன்று அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அந்த ஒரு பேச்சை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள் போல.

கடைக்காரர் உள்ளே போய், கைக்குள் அடங்குகிற கருவி ஒன்றை எடுத்து வந்தார். அதுதான் இது. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, பேசாது, பாடாது, உங்க பொண்ணு மாதிரி என்றார், எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடுதிரை கிடையாது, எல்லாம் பட்டன், புழுதி படிந்தாலும் கையுறை போட்டிருந்தாலும் அழுத்தலாம். வண்டி நின்றுபோனாலும் சாதாரண பேட்டரியில் ஓடும். நீ போகப் போகப் பின்னாலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும், திரும்பு என்ற பட்டனை அழுத்தினால் அந்தக் கோட்டிலேயே பின்னோக்கிக் கூட்டிப்போகும். உங்கள் பகுதியின் வரைபடத்தையும் அதில் ஏற்றி வாங்கியிருக்கிறேன். ஆபத்தில் சேதி அனுப்புகிற வகை வேறு இருக்கிறதாம், அது கம்பெனியே கொடுக்க வேண்டியது, கூச்சப்படாமல் கேள் என்கிறாள் அம்மா. கண்ணாடியில் ஒட்டுகிற பிடியை நம்பாதே, வெயிலில் கழன்று விழும், திருகு போட்டு முடுக்கு.

அம்மா உடனே வாங்கிவிடவில்லை. சோதித்துப் பார்க்கணும் என்றாள். கடைக்காரரைச் சம்மதிக்க வைத்து, கடைவாசலில் ஆன் செய்து என் கையில் கொடுத்து, வீடு வரைக்கும் நட என்றாள். நடந்தேன். அம்மா கூடவே வந்தாள். நடுவில் தையல் கடையில் லீவு சொல்ல நின்றேன், பார்மஸி முன்னால் ஒரு லாரி தெருவை அடைத்து நின்றது, அதைச் சுற்றி மண்ணில் இறங்கி ஏறினேன். வீட்டு வாசலில் அம்மா கருவியை வாங்கிக்கொண்டு திரும்பு பட்டனை அழுத்தினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் அந்தக் கோட்டை மட்டும் பார்த்து முன்னால் போனாள், நான் பின்னால். பார்மஸிக்கு வந்தால் லாரி போய்விட்டிருந்தது, தெரு காலியாகக் கிடந்தது. அம்மா அப்படியே மண்ணில் இறங்கி, இல்லாத லாரியைச் சுற்றி நடந்தாள். அம்மா, லாரி போயிடுச்சு, நேரா வாம்மா என்றேன். இது சுத்தித்தானே போகச் சொல்லுது என்றாள். தையல் கடை வாசலில் கோடு நூல் சிக்கல் மாதிரி கிடந்தது, அங்கேயும் திண்டாடி இரண்டு சுற்று சுற்றினாள். தையல் மாஸ்டர் எட்டிப் பார்த்து, என்னக்கா எதையாவது தொலைச்சிட்டீங்களா என்று கேட்டார். இல்லப்பா, திரும்பி வரப் பழகுறேன் என்றாள் அம்மா. மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும், இதையே குடுங்க என்றாள்.

இப்போது அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். பெரியவனே, முகாம்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி இதை ஆன் பண்ணிட்டுத்தான் சாவியைத் திருப்பணும். வழி தெரியலன்னா முன்னால போய்த் தேடாத, திரும்பிடு. வேலை கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும், சிரிக்கிறவன் வந்து என் வாசல்ல நிக்கப் போறதில்ல. வேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு, நூறு வயசு இரு. அம்மா சொன்னது இவ்வளவுதான். பேட்டரி மாற்றி வைத்துக்கொள்ள மறக்காதே, இப்போது உள்ளே இருப்பதில் ஒன்று நம் சுவர்க் கடிகாரத்தினுடையது, அது எவ்வளவு தாங்கும் என்று தெரியாது.

இப்படிக்கு,
உன் நலத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்
அம்மா
(கை தங்கச்சியினுடையது)

அண்ணா, இது நான் மட்டும் எழுதுவது. அம்மா தூங்குகிறாள். கருவியில் முதலாவதாக ஒரு கோடு இருக்கும், அதை அழிக்காதே. அது கடையிலிருந்து நம் வீட்டுக்கு நான் நடந்த கோடு. நம் வாசலில், அப்பா வண்டி நிறுத்தி எண்ணெய் சொட்டிய கறை இருக்கிறதே, அங்கே முடிகிறது. நடுவில் பார்மஸிகிட்டே ஒரு வளைவு வரும். அந்த லாரி இப்போது அங்கே இல்லை. நீ நேராகவே வரலாம்.