பின்பாதி மட்டும் தெரிந்தவன்

என் உயிரான லூர்து,

இது என் கையெழுத்துதான். நம்பமாட்டாய். 'லூ' போட்டு முடிப்பதற்குள் விரல் வலித்துவிட்டது. உனக்கு இத்தனை கஷ்டமான பெயரா?

நீ போன பிறகு திண்டிவனத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். பெரியவர்களுக்கான எழுத்து வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் பஸ்ஸில் 'விழுப்புரம்' என்ற பலகையை, யாரையும் கேட்காமல், நானே படித்து ஏறினேன். சிரிப்பு தாங்கவில்லை. சொல்லலாம் என்று திரும்பினால் பக்கத்துச் சீட்டில் நீ இல்லை.

சாயங்காலம் உன் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான நாள் முதல் 'அருள் நிறைந்த மரியே' என்று நீ ஆரம்பிப்பாய், நான் பின்பாதியைச் சொல்வேன். இப்போது நானாக ஆரம்பித்தால் நாலு சொல்லில் அறுந்துவிடுகிறது. பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது, லூர்து?

மருமகள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறாள் அல்லவா, நேற்று அவளுடைய பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாமா, பன்னெண்டாவது பரிட்சை எழுதப் போறீங்களா?"

"கிண்டல் பண்ணாதம்மா. இதுல இன்னா போட்டுக்கினு கீது, சொல்லு."

நம் செல்லுக்குள் டி.என்.ஏ. என்று முறுக்கிய இரட்டை இழை இருக்கிறதாம். செல் இரண்டாக ஆவதற்கு முன் அது தன்னைப்போல இன்னொன்று செய்துகொள்ள வேண்டும். கண்ட இடத்தில் பிரியாதாம். அதற்கென்று உள்ள இடத்தில் புரதங்கள் வந்து உட்கார்ந்து முறுக்கைப் பிரித்துவிடும்.

"அப்புறம் புது இழை கட்டுற நொதி வரும். ஆனா அதுக்குத் தானா ஆரம்பிக்கத் தெரியாது மாமா. பிரைமர்னு ஒரு சின்னத் துண்டை வேற ஒண்ணு போட்டுக் குடுக்கணும். அதைப் புடிச்சிக்கினு ஜல்தியா போயிடும்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சின்னத் துண்டைப் பின்னால் எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் நிரப்பிவிடுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் துண்டு போன பிறகும் அது தொடங்கிவைத்த இழை நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஜெபப் புத்தகத்தில் முன்பாதியைத் தேடிப் பிடித்தேன். தடுக்கித் தடுக்கிப் படித்தேன்.

உன் நினைவு நாளுக்கு விழுப்புரம் கல்லறைத் தோட்டத்துக்கு நானே பஸ் பார்த்து வருவேன். இந்த முறை நான் ஆரம்பிக்கிறேன். முன்பாதியைச் சொல்லி நிறுத்துவேன். பின்பாதி உன் முறை. நீ சொல்லி முடிக்கும்வரை அடுத்த மணியைத் தொடமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி