ஆத்தா வந்த காம்பரா

ஏப்ரல் 6, 1991
தங்கை அன்னக்கிளி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் வாரத்தில் ஐந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைவீட்டுக்காரர்கள் கேட்டால் வயிற்றுப்புண் என்கிறோம். லாரி ஓட்டிய அவள் புருஷன் கொடுத்துவிட்டுச் செத்துப்போன இன்னொரு நோயை, நாங்கள் தனியாக இருக்கும்போதுகூடப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. எச்.ஐ.வி. எழுதக் கை கூசுகிறது.

கரண்டு எங்கே விழவேண்டும் என்று அடிவயிற்றில் மையால் கோடு போட்டிருக்கிறார்கள். "தண்ணி படாமப் பாத்துக்கோங்க. ஒருநாளும் உடாம வந்துடணுமுங்க" என்றாளாம் நர்ஸ் யூனிஸ். பாதிக்கு மேல் முடிந்தது. பிழைத்துவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 7
எல்லாம் கெட்டது.

சேலை மாற்றும்போது, எங்கள் ஒற்றை அறையை ஒட்டிய பக்கத்துக் காம்பரா ஆண்டாயி அக்கா பார்த்துவிட்டாள். கரண்டு பட்ட இடம் கறுத்துக் கொப்புளம் கட்டியிருக்கிறது. "அடியே, ஆத்தா வந்திருக்காடி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் வேப்பிலை.

அம்மை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னே என்ன கொப்புளம் என்பார்கள். புற்று என்றால் எதனால் என்பார்கள், அவள் புருஷன் எப்படிச் செத்தான் என்பார்கள். போன வருஷம் கீழ்லயத்தில் ஒருவனுக்கு அந்த நோய் என்று தெரிந்ததும் பைப்படிக்கே விடவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 8
கரண்டுக்குப் போக பஸ்ஸுக்குக் கிளம்பினோம். ஆண்டாயி அக்கா மறித்தாள். "மூணு தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டுனா ஆத்தா சும்மா உடுவாளா? லயத்துல புள்ளகுட்டி இருக்குல்ல?" தோட்டத்து மேஸ்திரியும் அதையே சொன்னார். கட்டபெட்டு பஸ் போய்விட்டது.

ஏப்ரல் 11
கூழ், மோர், இளநீர் என்று லயமே கொண்டுவந்து கொடுக்கிறது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாள்முதல் எங்களுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அவள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்!

"உண்மையச் சொல்லிடுக்கா, நான் போறேன்" என்கிறாள் காலையில். "சொல்லிடாதக்கா" என்று சாயங்காலம் அழுகிறாள். நான் என்னதான் செய்ய? ஐயோ, என்னதான் செய்யட்டும்?

ஏப்ரல் 17
முதல் தண்ணீர். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஆண்டாயி அக்காவே ஊற்றினாள். கோடு அழிந்தது, கூடவே தோலும் உரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஏப்ரல் 22
நேற்று மூன்றாம் தண்ணீர் முடிந்து, இன்று விடிகாலை பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நடுவில் விட்டதில் கட்டி பெருத்துவிட்டதாம். உடம்பில் தெம்பும் இல்லை, இனிமேல் கரண்டு தாங்காது என்று சொல்லி வலி மாத்திரை எழுதினார்.

"ஏனுங்க்கா, ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதுங்களா?" என்றாள் யூனிஸ்.

யாரிடம் சொல்லி அனுப்புவது?

மே 30
ரத்தம் நிற்கவில்லை. ஆத்தா கோபம் இன்னும் அடங்கவில்லையாம். ஆண்டாயி அக்கா புது வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். நல்ல மனுஷிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 19
விடியும்போது அன்னக்கிளி போய்விட்டாள்.

மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. ஆத்தா எடுத்துக்கொண்ட உயிருக்கு அழக்கூடாதாம். என்னையறியாமல் சத்தம் வந்ததும் ஆண்டாயி அக்கா முந்தானையால் என் வாயைப் பொத்தினாள். "அழாத ராமாத்தா, தெய்வக் குத்தமாயிடும்." அவள் கண்ணிலும் தண்ணீர்.

எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் தூக்கிப் போனார்கள். நான் இன்னும் அழவில்லை.