ஒத்துப்பார்க்க இன்னொருவர்

ஏனுங்க, இன்று காலையில்தான் உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். நீங்கள் போனபின் இதுதான் முதல் தடவை. தூசி சூடேறும் அந்த வாசம் முன்னறை முழுக்கப் பரவியது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனியிலிருந்து நல்லேப்பிள்ளி வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் இதன் முன்னால்தான் உட்காருவீர்கள். செத்த நட்சத்திரங்கள் சுழலும்போது ஈர்ப்பு அலை கிளம்புமாம். அதைத் தேடும் கணக்கை விஞ்ஞானிகள் துண்டு துண்டாக உலகமெங்கும் வீடுகளுக்கு அனுப்புவார்களாம். சும்மா இருக்கும் நேரத்தில் நம் வீட்டுப் பெட்டியும் ஒரு துண்டைப் போட்டுக் கொடுக்குமாம்.

"மிக்ஸி ஓடாம கெடக்குது, அது கண்ணுக்குத் தெரியலீங்க. வானத்துல இருக்கறது மட்டும் தெரியுதாக்கும்!" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஒரு மிஷின் சொல்றதை அவிய நம்ப மாட்டாங்க அம்மிணி. எங்கியோ இன்னொண்ணும் அதையே சொன்னாத்தான் கணக்குல சேரும்."

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். நான் டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "ஒண்ணு சொல்றதை நம்பக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்று உங்களை இன்னோர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ் வாளையாரைத் தாண்டியது. பிறகு என் கையைப் பிடித்து, "ரெண்டும் ஒத்துப்போச்சு அம்மிணி" என்றீர்கள். பாழாய்ப்போன அந்த விதியை அன்றைக்கு நான் சபித்தேன்.

இப்போது திரையில் பார்க்கிறேன். நீங்கள் கடைசியாக முடித்தனுப்பிய துண்டு இன்னும் காத்திருக்கிறது. அதே துண்டை வாங்கிய இன்னொரு வீட்டுப் பெட்டி பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வேறொருவருக்கு அனுப்பி ஒத்துப்பார்த்துவிடுவார்களாம். அதற்கு அந்த வழி இருக்கிறது. எனக்கு இல்லை.

கல்யாணமான புதிதில், முதலமடை ரோட்டில் லாரி சிந்திப்போன மாங்காய்மேல் ஏறி, வண்டியோடு விழுந்தோமே. முதலில் சிரித்தது யார்? நான் என்று நீங்கள், நீங்கள் என்று நான். கடைசிவரை ஓயாத சண்டை அது.

நேற்று மகளிடம், "உங்கொப்பாதான் மொதல்ல சிரிச்சாரு" என்றேன்.

"செரிம்மா" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? இல்லையென்று சொல்ல வேண்டியவர் நீங்களல்லவா.