துருத்திக்கு ஒரு கை

என் இடப்பக்கத்து அம்மாவுக்கு,

நீ போன பிறகு கோயிலில் ஆர்மோனியப் பெட்டிக்கு இடப்பக்கம் நீ உட்கார்ந்து துருத்தி அமுக்கும் பாய் காலியாகவே கிடக்கிறது. அங்கே நான் யாரையும் விடுவதில்லை. பாடகர் குழுப் பெண்கள், டீச்சருக்கு அம்மா நினைப்பு இன்னும் போகவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். நினைப்பு இருக்கிறதுதான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. என் இடது தோள் பக்கம் உன்னைத் தவிர யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு விரல் ஓடாது. அது ஏன் என்று நீ ஒரு நாளாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஊர்ச் சேதி. பங்குச் சாமியார் ஒரு கீபோர்டு வாங்கி வைத்திருக்கிறார். "டீச்சர், இதுக்குத் துருத்தி அமுக்க ஆளே வேணாம். கரண்டு இருந்தாப் போதும். ஒங்க தோளுக்கும் நல்லதுல்ல?" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்குத் தோளுக்கு நல்லது என்பார்கள், நாளைக்கு டீச்சர் வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்பார்கள். "எதுக்கெடுத்தாலும் ஒரு சந்தேகம்டி ஒனக்கு" என்று நீ சிரிப்பது காதில் விழுகிறது.

வலி அப்படியேதான் இருக்கிறது. ஜாக்கெட்டில் இடக்கையை நுழைப்பதற்குள் பாதி உயிர் போகிறது. காரைக்குடிக்கு டவுன் பஸ்ஸில் போனால் வலக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையை யாராவது வாங்கி மடியில் வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று பார்ப்பேன். ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்பதுபோல அவர்களும் பார்ப்பார்கள். கட்டும் இல்லை, வீக்கமும் இல்லை, யார் நம்புவார்கள்? பெட்டியில் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் மாறும். வலி போய்விடாது. ஆனால் பாட்டு ஓடுகிற வரைக்கும் அது கோயிலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீ இல்லாததால் துருத்தியையும் நானே அமுக்கினேன். இடக்கையால்தானே அமுக்க வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமைகளிலேயே தோள் தூக்க முடியாமல் போய்விட்டது.

இதில் இன்னொன்று. உன் துக்கத்துக்கு வந்திருந்த சின்னம்மா, நான் தோளைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "பாவம், அன்னைக்கு மாட்டு வண்டியிலருந்து விழுந்தது இன்னும் போகலையாக்கும்" என்றாள். மாட்டு வண்டியா? நினைவு தெரியாத வயசில் ஊருணிப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன் என்றல்லவா நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய்? உன் கூடப் பிறந்தவளுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதையா? "எந்த மழையில வழுக்குச்சு? அந்த வருசம் ஊருணி வெடிச்சுல்ல கெடந்துச்சு. குடிக்கவே தண்ணியில்லாமத்தான் ஒங்க வீட்டு வண்டியில பீப்பாயக் கட்டிக்கிட்டுப் போனீக" என்று அவள் அழுத்திச் சொன்னாள். நீ கதை கட்டியபோது அந்த வருஷம் மழையே இல்லை என்பதை மறந்துவிட்டாய், அம்மா.

காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சின்ன வயசில் என்ன ஆச்சு என்று கேட்டார். "ஊருணிப் படியில விழுந்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "விழுந்து ஒடிஞ்ச மாதிரி தெரியலையேம்மா. யாரோ கையப் புடிச்சுத் திருகுன மாதிரில்ல இருக்கு?" என்றார். நான் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து உன்னைப் பற்றிய ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கையில் கட்டோடு இருந்த என்னைச் சாயங்காலமானால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாயே. நீ துருத்தியை அமுக்குவாய், நான் வலக்கையின் ஒரு விரலால் கட்டைகளைத் தேடுவேன். முதல் பாட்டு கைக்கு வந்த அன்றைக்கு நீ அழுதாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஆனால் சாயங்காலம்தானே அப்பா குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் நேரம்? நீ என்னைப் பாட்டு படிக்கக் கூட்டிப்போனாயா, அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாயா? என் உயிராக நான் வைத்திருக்கும் ஒரே பொருளையும் இப்படிச் சந்தேகப்பட வைத்துவிட்டாயே.

போன சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்தார். குடியை விட்டு வருஷக் கணக்காகிவிட்டது, இப்போது நடையே தளர்ந்துபோன மனுஷர். "ஒத்தக் கையா ரொம்பக் கஷ்டப்படுற. நான் அமுக்கவா ஆத்தா?" என்று உன் பாயில் உட்கார்ந்துவிட்டார். என் தோள் தானாகக் காதுவரை ஏறிக்கொண்டது. இருந்தாலும் வாசித்தேன். பாதிப் பாட்டில், அவரைப் பார்க்காமலே கேட்டேன்.

"அப்பா, நான் எங்க விழுந்தேன்?"

அவர் கை நின்றது. பெட்டியில் மிச்சமிருந்த காற்றும் தீர்ந்து சத்தம் இறங்கி நின்றுபோனது.

"என்னத்தா புதுசாக் கேக்குற? அதான் ஒங்கம்மா ஒங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளே."

"அம்மா ஒண்ணும் சொல்லலப்பா."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "நான் குடிச்சுப்புட்டு வந்து அவள அடிக்கக் கைய ஓங்குனேன். நீ குறுக்க வந்த. ஒன் கையப் புடிச்சுத் திருகித் தூக்கி எறிஞ்சிட்டேன். நீ வெவரம் தெரிஞ்சதும் என்னைய மன்னிச்சுட்டதா ஒங்கம்மா சொன்னா. அந்தப் பேச்ச மட்டும் ஒங்கிட்ட எடுக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா" என்றார். சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எப்பேர்ப்பட்ட ஆள் நீ! என்னிடம் விழுந்தாய் என்று ஒரு பொய். அவரிடம் மன்னித்துவிட்டாள் என்று ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் துருத்தியைப் பிடித்துக்கொண்டு நீ. வாராவாரம் நீ எனக்குக் காற்றுக் கொடுத்தாயா, நானும் அவரும் பேசிக்கொள்ளாமல் காவல் இருந்தாயா? போக்கிடம் இல்லாத பயத்தில் செய்திருப்பாய், எனக்குப் புரியாமல் இல்லை. உன் கை சூட்டுக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். ஆனாலும் கேட்கிறேன், என் மன்னிப்பை யாரைக் கேட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தாய்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் முன்கூட்டியே வந்துவிட்டார். உன் பாய்ப் பக்கம் போனார்.

"அங்குட்டு வேணாம்ப்பா. எதிர்க்க உக்காருங்க. ஒங்க கை எனக்குத் தெரியணும்."

எதிரே வந்து உட்கார்ந்தார். உன்னைப் போல நிதானமாக அமுக்கத் தெரியவில்லை. ஒரு வரிக்குக் காற்று கூடிப்போகும், அடுத்த வரிக்குப் பற்றாது. பூசை முடிகிறவரை அந்தக் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை. கீபோர்டு உறையோடு மூலையில் இருக்கிறது.

அடுத்த தடவை டாக்டர் கேட்டால் ஊருணிப் படி என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்வேன். அப்பாவை மன்னிப்பேனா, தெரியாது. மன்னிக்கிற நாள் என்று ஒன்று வந்தால் அதை நானே என் வாயால் அவரிடம் சொல்வேன். உன் கல்லறைக்கும் வந்து சொல்வேன். அதுவரை உன் பாயில் யாரும் உட்கார மாட்டார்கள். இது சத்தியம்.

உனக்காகக் குறுக்கே வந்த மகள்,
ஸ்டெல்லா