பத்து வாக்கியங்களும் ஒரு கையெழுத்தும்

ஜூலை 9, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முட்டிவலி தவிர இங்கே எல்லாரும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லாரும் தூங்கியபின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்ன விளக்குதான், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். இங்கிலீஷ் டீச்சர் இறந்தகாலம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை, பொய் கலக்காமல், பத்து வாக்கியம் எழுதச் சொன்னார். 'ஃபோன்' போல ஈ-யில் முடிந்தால் டி மட்டும் போதும். 'ஸ்டாப்' என்றால் பி இரண்டு. 'க்ரை' என்றால் ஒய்யை எடுத்துவிட்டு ஐ, ஈ, டி. எல்லா விதிக்கும் உதாரணம் வேண்டுமே என்று யோசித்தேன். அக்கா போன் செய்தாள். தையல்கார அத்தை மெஷினை நிறுத்தினாள். அம்மா அழுதாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. வீட்டில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன்.

பத்துக்குப் பத்து. ஆனால் டீச்சர், "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டி, அர்த்தம் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டு வா" என்றுவிட்டார். அடுத்த புதன் வரை நேரம்.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஞாயிறுதோறும் அவர் வேலைக்குப் போனபின் அத்தை கடைக்கு நீ எங்களுக்கு போன் செய்வது தெரிந்தால் அதுவும் போய்விடும். நான் என்ன செய்ய? பதிலை வழக்கம்போல என் சிநேகிதி சோடாபுட்டி வீட்டுக்குப் போடு.

உன்
வாலு

ஜூலை 12, வெள்ளி

என் செல்ல வாலு,

இதற்கா இத்தனை பயம்? அப்பா ஊர் முழுக்க மூங்கில் சாரம் கட்டி ஏறி இங்கிலீஷ் போர்டு எழுதுகிறார், ஒன்றுக்காவது அர்த்தம் தெரியுமா? பார்த்து வரைகிறார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, அம்மா சிரித்தாள் என்று அளந்துவிடு. என் மார்க் ஷீட்டில் எல்லாம் நான் அப்படித்தான் கையெழுத்து வாங்கினேன்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. உன் கடிதம் வரும்வரை நான் போன் செய்யமாட்டேன்.

அக்கா

ஜூலை 16, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் நோட்டை நீட்டினேன். நீ சொன்னபடியே பூனையை அவிழ்த்துவிட்டேன். அப்பா நோட்டை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். பெயின்ட் ஒட்டிய விரலை ஒரு வரியில் வைத்தார்.

"இது சிஸ்டர்தானே? 'சிஸ்டர்ஸ் டெய்லரிங்'னு அத்தை கடை போர்டை நான்தான் எழுதினேன். அக்கா தங்கச்சின்னு அன்னைக்கே அர்த்தம் சொன்னாங்க. பூனைக்கு ஏதுடி அக்கா?"

அதற்குமேல் பூனை வரவில்லை. எழுதியிருந்ததையே வரிவரியாகச் சொன்னேன். அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

அப்பா கத்தவில்லை. பேனா கேட்டார். போர்டு எழுதுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நோட்டைத் திருப்பித் தரும்போதுதான், "என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?" என்றார்.

"கேட்டாப்பா."

"என்னன்னு?"

"சாரத்துல பார்த்து ஏறச் சொன்னா."

"ம்" என்றார். எழுந்துபோய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அக்கா, நீ கேட்கவே இல்லை. இந்த இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட. உனக்கும் கோபம் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் வருகிற ஞாயிறு வேலைக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சலவைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னாராம். எங்களோடு அத்தை கடைக்கு வருவார் என்று நினைக்கிறேன்.

மூன்று மணிக்கு போன் செய். அவர் குரல் கேட்டதும் வைத்துவிடாதே. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சாரத்தைப் பற்றிக் கேள்.

உன்
வாலு