விமானத்தில் ஏற்றக் கூடாதவை

ஜேடர்பாளையம்
12.9.1986

சௌந்திரத்துக்கு அப்பன் எழுதுவது. இங்கே நானும் இரண்டு எருமைகளும் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், வழக்கத்துக்காகக் கேட்டுவைக்கிறேன், பதில் எழுதித் தபால் செலவு செய்ய வேண்டாம். மஸ்கட்டுக்கு உன்னை நர்ஸ் வேலைக்குத்தான் அனுப்பினேன், மாப்பிள்ளை தேடிக்கொள்ள அனுப்பவில்லை. தலைப்பிரசவத்துக்கு வருகிறேன் என்று எழுதினாய், என் வாசப்படி ஏறாதே என்று எழுதினேன். உடனே உன் அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறாய். என் பொண்டாட்டியை என்னைக் கேட்காமல் கூப்பிட உனக்கு அவ்வளவு தைரியம்.

டிக்கெட்டோடு நீ வைத்திருந்த காகிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன், எழுத்துத் தெரியாதவளுக்கு வேறு யார் படிப்பார்கள். போன வருஷத்திலிருந்து கெடுபிடி அதிகம், டார்ச் லைட்டில் பேட்டரிக் கட்டை இருக்கக் கூடாது, கத்தி பாக்குவெட்டி கைப்பையில் கூடாது, தீப்பெட்டி எதிலுமே கூடாது என்று எழுதியிருந்தாய். நான் படிக்கப் படிக்க அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பிள்ளை தலைமாட்டில் இரும்பு வேண்டுமென்று வைத்திருந்த பாக்குவெட்டி, சாம்பிராணி போட வைத்திருந்த தீப்பெட்டி எல்லாம் போயிற்று. டார்ச்சைத் திறந்து மூன்று கட்டைகளையும் தரையில் உருட்டிவிட்டு வெறும் டார்ச்சை மட்டும் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள், கட்டையை மக அங்க வாங்கித் தருவாளுங்க என்றாள். முகத்தில் ஒரு வருத்தம் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் நீ எழுதாத ஒன்றையும் சேர்த்துப் படித்தேன். உடம்பில் துளி உலோகம் இருந்தாலும் மணி அடித்து இறக்கிவிடுவார்கள், அதனால் பெண்கள் தாலியையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று படித்தேன். புருஷன் உயிரோடு இருக்கத் தாலியை இறக்கு என்றால் டிக்கெட்டை அடுப்பில் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நாலு நாள் அழுதாள். நான் வேளை தவறாமல் சாப்பிட்டேன்.

இன்று விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, ஏனுங்க கையை நீட்டுங்க என்றாள். நீட்டினேன். மெட்டியையும் சரடோடு தாலியையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, பத்தரமா வெச்சிருங்க, புள்ள பொறந்து நாப்பது நாளானதும் வந்து வாங்கிக்கறேனுங்க என்றாள். ஒரு மஞ்சள் கிழங்கையாவது கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டு போ என்றேன். நேரமில்லீங்க, பஸ் வந்துரும் என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தாலியோடு போவாள், சொல்லாவிட்டால் தாலியில்லாமல் போவாள், எப்படியும் போவாள். அது தெரிந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, சொல்லவில்லை. மெட்ராஸ் வரை கொண்டுபோய் விட வந்த உன் மாமன் மணியன் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பிளேன் சட்டம் மாப்ளே என்றேன், அவனும் நம்பிவிட்டான்.

அவளுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏறவிடாதே. களி தின்று பழகியவள், அரிசிச் சோறே போட்டு வயிற்றைக் கெடுக்காதே. நாற்பதாம் நாள் ஏற்றி அனுப்பிவிடு, நாற்பத்தொன்றாம் நாள் நான் அணைக்குப் போய்த் தாலியைக் காவிரியில் வீசிவிடுவேன், செய்ய மாட்டேன் என்று நினைக்காதே. பெற்றவன் என்பதால் சொல்கிறேன், நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழை. உன் புருஷனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். எழுதியாச்சுங்களா, எழுதியாச்சுங்களா என்று வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள். அங்கே வந்ததும் வெறுங்கழுத்தோடு உன் எதிரில் உட்கார்ந்து, அப்பன் என்ன எழுதீருக்கறாரு, படி கண்ணு என்பாள். நான் படித்ததைப் போலவே நீயும் எதையாவது சேர்த்துப் படி.

இவ்வளவுதான்.
உன் அப்பன்
சுப்பையன்