எனக்குப் படிக்கத் தெரியாத ரெண்டு வரி

செய்தி வந்தது சாயங்காலம் நாலு நாப்பத்தேழுக்கு. இங்க நியூசிலாந்துல, ஹென்டர்சன் ஆபீஸ் சர்வர் ரூம்ல நின்னுக்கிட்டு இருந்தேன். டாக்காவுல இருந்து போன்ல உன் தங்கச்சி. "துலாபாய்"னா. அக்கா புருஷனை உங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு நீ சொல்லியிருக்கே. அதுக்கப்புறம் அவ கத்தினது எந்த பாஷைன்னே தெரியல.

அஞ்சு வாரம் ஆச்சு. இன்னிக்கு நம்ம லின்ஃபீல்ட் வீட்டுல அரிசி தேடும்போது உன் கடுகெண்ணெய் பாட்டில் சாஞ்சு கொட்டிடுச்சு. 'உடம்புக்கு வெளியே பூச மட்டும்'னு லேபிள் ஒட்டித்தான் இங்க விக்கிறான். முதல் தடவை அதைப் படிச்சுட்டு, "எங்க மீன் குழம்பையே உங்க நியூசிலாந்து தைலம்னு நினைக்குது பாரு"ன்னு சிரிச்சே. நெடியில கண்ணு எரிஞ்சுது. அழுகை வரும்னு நின்னேன். வரல.

பகல்ல மருந்துக்கடை வேலை. மத்த நேரம் வேற பேர்ல வங்காள மொழியில எழுதுவே. இந்த வருஷம் உங்க ஊர்ல மதத்தைக் கேள்வி கேட்டு எழுதுறவங்களை ஒவ்வொருத்தரா வெட்டிக்கிட்டு இருக்காங்க. அப்படிச் செத்தவங்களைப் பத்தி நீ எழுதினே. அதைப் போடுற வெப்சைட்டை நடத்தினது நான். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது எனக்கு. எங்கம்மாகிட்ட கத்துக்கிட்ட தமிழ்ல, "நீ என் தபால்காரன்டா, கவரைப் பிரிக்கத் தெரியாத தபால்காரன்"னு கிண்டல் பண்ணுவே. கத்துக் குடேன்னா, "முதல்ல மீன்ல முள்ளெடுக்கக் கத்துக்கோ"ம்பே.

தங்கச்சி கல்யாணத்துக்குப் போகாதேன்னு சண்டை போட்டேன். "என் மூஞ்சி யாருக்குத் தெரியும்? இதுக்கே போகலன்னா அவங்க ஜெயிச்ச மாதிரிதான்"னே. ஏர்போர்ட்ல, "கமெண்ட்ல லிங்க் இருந்தா தூக்கிடு. மத்ததை நிறுத்தி வை, வந்து படிச்சுக்கறேன்"னே.

நான் நிறுத்தி வைக்கல. நாலு நாள்ல அறுபது சேர்ந்துடுச்சு, பாவம் காத்திருப்பாங்களேன்னு, மத்தியானம் சாண்ட்விச் தின்னுக்கிட்டே மொத்தமா டிக் பண்ணி வெளிய விட்டேன். அதுல ஒண்ணு ரெண்டே வரி. கடைசியில ஒரு பூ.

மறுநாள் அங்க காலையில பத்து மணி. கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு நாள். சந்து முனையில ரிக்‌ஷாவுல இருந்து நீ ஒரு காலைத்தான் கீழ வெச்சியாம். மூணு பேர். முதல் வெட்டு கழுத்துல. அடுத்ததைத் தடுக்கக் கையைத் தூக்கினே, விரல் தெறிச்சு விழுந்துச்சு. உன்னை இழுக்க வந்த தங்கச்சிக்கு மணிக்கட்டுல வெட்டு. நீ விழுந்த பிறகும் வெட்டினாங்க. சுத்தி நின்னவங்க போன்ல படம் புடிச்சாங்க. அது எனக்கும் வந்துச்சு. சர்வர் லாக் ஃபைலை வரி வரியாப் பார்க்கற மாதிரி நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். பதினொரு வெட்டு.

அப்புறம்தான் அந்த அறுபதையும் மொழிபெயர்ப்புல போட்டேன். பூ வெச்ச கமெண்ட்: 'இந்தப் பேர்ல எழுதுறவ டாக்காவுக்கு வந்திருக்கா, தங்கச்சி கல்யாணத்துக்கு.' அடுத்த வரியில சந்துப் பேரும் வீட்டு நம்பரும். எழுதினவனுக்குத் தெரிஞ்சதை எல்லாருக்கும் காட்டினது நான். ஒரு நாள் முழுக்க உன் சைட்லயே இருந்துச்சு. அழிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

தங்கச்சி தினமும் கேட்டா: "வீடு எப்படித் தெரிஞ்சுது துலாபாய்? நம்மள்ல யாரு சொன்னது?" கடைசியில மாப்பிள்ளைப் பையன்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. போலீஸ் அவனைக் கூட்டிட்டுப் போய் அடிச்சு, நடக்க முடியலயாம். நேத்து அவளே சொன்னா. "சாகட்டும்"னா.

அந்தக் கமெண்ட் வேற ஊர்ல, சிட்டகாங்ல ஒரு நெட் லைன்ல இருந்து வந்தது. என் சர்வர்ல பதிவு இருக்கு. அந்த நேரம் அவன் டாக்காவுல உங்கப்பாவோட பந்தல் கட்டிக்கிட்டு இருந்தான். நீதான் போன்ல சொன்னே, "மாப்பிள்ளை ஏணியில ஏறத் தெரியாம முழிக்கிறான்"னு.

இதைக் காட்டினா என்னையும் காட்டணும். அஞ்சு வாரமா அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

இன்னிக்கு எல்லாத்தையும் எழுதி, பதிவையும் சேர்த்து அவளுக்கு அனுப்பிட்டேன். வெளிய விட்டது நான்னு முதல் வரியிலயே போட்டேன். இனிமே என்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த உண்மை மட்டும்தான். அவ படிச்சுட்டான்னு காட்டுச்சு. பதில் எழுதிக்கிட்டு இருக்கான்னும் காட்டுச்சு.

போனை ஆஃப் பண்ணிட்டேன்.